நீர் ஒரு வெப்பநிலையிலும் சுற்றுப்புறம் வேறொன்றிலும் இருப்பது ஏன்: அளந்து அறிய விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

"தண்ணீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும்." குளத்து நீர் காற்றைவிடக் குளிர்ந்திருப்பது ஏன் என்று யாரிடம் கேட்டாலும் இந்த ஒற்றைப் பதில்தான் கிடைக்கும். பொய்யில்லை. ஆனால் இதை மட்டும் நம்பி வெப்பமானியோடு கிளம்பினால், ஒரே நாளில், ஒரே வெயிலில், அடுத்தடுத்து இருக்கும் குளமும் கிணறும் ஆறும் மூன்று வெவ்வேறு எண்களைக் காட்டும்போது விழிக்க வேண்டியிருக்கும். மூன்றிலும் இருப்பது தண்ணீர்தானே?

இந்த வேலையில் நான் பட்ட பாட்டில் பெரும்பகுதி அறிவியலால் வந்ததல்ல. தவறான நேரம், தவறான ஆழம், எழுதி வைக்காத குறிப்பு, முன்கூட்டி வாங்காத அனுமதி என்று எல்லாம் சில்லறைக் காரணங்கள். பள்ளித் திட்டத்துக்காகவோ, மீன் வளர்ப்புக்காகவோ, வெறும் ஆர்வத்தாலோ இதில் புதிதாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

1. முதலில் கையை நம்புவதை நிறுத்துங்கள்

25 டிகிரி செல்சியஸ் காற்றில் மணிக்கணக்கில் சுகமாக உட்கார்ந்திருக்கலாம். அதே 25 டிகிரி நீரில் அசையாமல் இருந்தால் வெகுநேரம் தாங்காது, குளிரெடுக்கும். வெப்பநிலை இரண்டிலும் ஒன்றே. அசையாத நீர், அசையாத காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. நம் தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி. அதற்குக் கீழே உள்ள நீர் எதுவானாலும் நம் உடலிலிருந்து வெப்பத்தை வேகமாக இழுக்கிறது. அந்த இழுப்பைத்தான் "சில்லென்று இருக்கிறது" என்கிறோம்.

ஆகவே "நீர் குளிர்ந்திருக்கிறது" என்று யாராவது சொன்னால், அது எண்ணா, உணர்வா என்று கேளுங்கள். கேள்விகளில் ஒரு பங்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

2. எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

"சுற்றுப்புறம்" என்று ஒன்று இல்லை. நிழலில் உள்ள காற்று ஒன்று, வெயிலில் கிடக்கும் மணலோ பாறையோ வேறொன்று, மண்ணுக்கு அடியில் உள்ள வெப்பநிலை இன்னொன்று. காற்று 35 டிகிரியாக இருக்கும்போது காய்ந்த மணலின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிவிடும். நீரை மணலோடு ஒப்பிட்டுவிட்டுக் காற்றோடு ஒப்பிட்டதாக எழுதுவது புதியவர்கள் விழும் முதல் குழி.

காற்றின் வெப்பநிலை என்றால் வானிலையாளர்கள் எதைச் சொல்கிறார்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்: தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், நேர் வெயில் படாமல், காற்றோட்டம் உள்ள இடத்தில் அளந்தது.

3. கருவி: செலவு எங்கே தேவை, எங்கே தேவையில்லை

நீளமான கம்பியின் நுனியில் சென்சார் உள்ள மின்னணு வெப்பமானி ஒன்று போதும். இருப்பதில் மலிவான வகைகளில் அதுவும் ஒன்று. திரையில் 0.1 டிகிரி காட்டுகிறது என்பதால் 0.1 டிகிரி துல்லியம் என்று எண்ணிவிடாதீர்கள். பல மலிவுக் கருவிகள் ஒரு டிகிரி வரை விலகும். பெட்டியில் "துல்லியம்" என்று தனியாக அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

ஒரு நல்ல செய்தி: நீங்கள் தேடுவது வேறுபாட்டை. காற்றையும் நீரையும் ஒரே கருவியால் அளந்தால் அதன் விலகல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், கழிக்கும்போது பெரும்பாலும் மறைந்துவிடும். இரண்டு கருவிகள் வைத்திருந்தால், இரண்டையும் ஒரே வாளி நீரில் வைத்து எவ்வளவு முரண்படுகின்றன என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்கப் பணம் தேவையில்லை. பனிக்கட்டியைப் பொடித்து, அது மூழ்கும் அளவு மட்டும் நீர் ஊற்றி, கலக்கிச் சில நிமிடங்கள் விட்டு சென்சாரை நடுவில் வையுங்கள். 0 டிகிரி காட்ட வேண்டும். கொதிநீரை வைத்துச் சரிபார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உயரம் கூடக்கூட, ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். அந்தக் கணக்கை மறந்தால் நல்ல கருவியைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள். அளவுத்திருத்தச் சான்றிதழுடன் வரும் கருவி பல மடங்கு விலை. முடிவுகளை அதிகாரப்பூர்வமாக எங்காவது சமர்ப்பிக்க வேண்டியிருந்தால் மட்டும் அதை வாங்குங்கள்.

துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியை இதற்காக வாங்கவே வாங்காதீர்கள். அது நீரின் மேல் தோலை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவிலான படலத்தை மட்டுமே பார்க்கிறது. ஆவியாதலால் அந்தப் படலம் அடியில் உள்ள நீரைவிட 0.2, 0.3 டிகிரி குளிர்ந்திருப்பது வழக்கம். போதாததற்கு, சாய்வாகப் பிடித்தால் வானத்தின் பிரதிபலிப்பும் சேர்ந்துகொள்ளும்.

கருவியைவிடக் கூடுதலாகப் பணம் கரைவது படகிலும் உயிர்காப்பு அங்கியிலும்தான். பாலத்திலிருந்தோ படித்துறையிலிருந்தோ கயிறு இறக்க முடிந்தால் அந்தச் செலவு மிச்சம்.

4. அனுமதியும் பதிவேடும்

தனியார் கிணறு என்றால் உரிமையாளரின் வாய்மொழிச் சம்மதம் போதும் என்று தோன்றும். எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். பருவம் மாறி மறுபடி போகும்போது உதவும். அணை, நீர்த்தேக்கம், குடிநீர் ஏரி போன்றவை எங்கேயும் ஏதாவது ஒரு நிர்வாகத்தின் கையில் இருக்கும். கடிதத்தில் நோக்கம், எந்த இடம், எந்தெந்தத் தேதிகள், எத்தனை பேர், என்ன கருவி, நீரில் எதையும் கலக்கமாட்டோம் என்ற உறுதி, படகு உண்டா இல்லையா என்று அத்தனையும் எழுதுங்கள். படகைப் பற்றி ஒன்றும் சொல்லாததற்காகவே என் கடிதம் ஒன்று திரும்பி வந்தது. நான் படகே கேட்கவில்லை. "படகு பயன்படுத்தப்படாது" என்று எழுதியிருக்க வேண்டுமாம்! பதில் வர வாரங்கள் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு முன்கூட்டியே அனுப்புங்கள்.

பதிவேட்டில் ஒவ்வொரு அளவுக்கும் தேதி, நேரம், இடம், ஆழம், காற்று வெப்பநிலை, நீர் வெப்பநிலை, மேகம், காற்றின் வேகம் (உத்தேசமாகப் போதும்), முந்தைய நாள் மழை ஆகியவை வேண்டும். ஆழத்தை எழுதாத அளவை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

5. எந்த நேரத்தில் போவது

நாளுக்கு இரண்டே முறை முடியும் என்றால் சூரிய உதயத்தை ஒட்டி ஒன்று, பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு ஒன்று. காற்று உச்சத்தைத் தொடுவது பொதுவாகப் பிற்பகல் இரண்டு, மூன்று மணி வாக்கில். ஆழமில்லாத நீர் அதற்குச் சற்றுப் பின்னால் உச்சத்துக்கு வரும். காலை பத்து மணி அளவை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். பல நீர்நிலைகளில் காற்றின் கோடும் நீரின் கோடும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நேரம் அது. வேறுபாடே இல்லை என்று தோன்றும்.

ஆண்டு முழுவதற்குமான சித்திரம் வேண்டுமென்றால் குறுக்குவழி கிடையாது, ஓராண்டு ஆகும். ஆழமான ஏரிகளும் கடலும் காற்றைவிட ஒன்றிரண்டு மாதம் பின்தங்கி உச்சத்தை அடைகின்றன. வட அரைக்கோளத்தில் வெயில் உச்சிக்கு வருவது ஜூனில். கடற்பரப்பு பல இடங்களில் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் மிகச் சூடாக இருக்கும்.

6. அளக்கும் முறை

முதலில் காற்று, பிறகு நீர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நனைந்த வெப்பமானியைக் காற்றில் தூக்கிப் பிடித்தால் அதிலுள்ள ஈரம் ஆவியாகி அதைக் குளிர்விக்கும். வறண்ட காற்றில் அது பல டிகிரி தாழ்த்திக் காட்டும். அதே காரணத்தால் நீரின் அளவையும் சென்சார் மூழ்கியிருக்கும்போதே படிக்க வேண்டும், வெளியே எடுத்த பிறகு அல்ல. வாளியில் மொண்டு அளப்பதானால் பெரிய வாளியாக, நிழலில், உடனே.

காற்றை அளக்கும்போது உங்கள் உடலுக்கும் சுவருக்கும் தள்ளிப் பிடியுங்கள். நீரில் கரையோரத்தை மட்டும் அளந்து "குளத்தின் வெப்பநிலை" என்று எழுதாதீர்கள். கணுக்கால் அளவு நீரும் ஆள் ஆழ நீரும் பிற்பகலில் வெகுவாக வேறுபடும். கம்பியின் நுனியில் எடை கட்டுங்கள், இல்லாவிட்டால் ஓட்டம் அதைச் சாய்த்துவிடும். இரண்டு மீட்டர் என்று எழுதியது உண்மையில் ஒன்றரையாக இருக்கும். சென்சார் அடிச்சேற்றில் புதையக் கூடாது. எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாயில் பிடித்து அளப்பவர்கள், முதலில் வரும் நீரை விட்டுவிடுங்கள். அது குழாயின் வெப்பநிலை. மேல்நிலைத் தொட்டி வழியாக வரும் நீரை அளப்பதில் பயனே இல்லை.

7. எண்கள் கையில் வந்தபின்: வெப்பத்தின் வரவு செலவு

நீருக்கும் காற்றுக்கும் ஒரே வெப்பநிலை இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு நீர்நிலை தனக்கென்று ஒரு வரவு செலவுக் கணக்கு வைத்திருக்கிறது. காற்று அந்தக் கணக்கில் வரும் பல இனங்களில் ஒன்று மட்டுமே, பெரும்பாலான நாட்களில் பெரிய இனமும் அல்ல. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிது.

*இருப்பு.* ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.18 கிலோ ஜூல் வேண்டும். ஒரு கிலோ காற்றுக்குச் சுமார் 1 கிலோ ஜூல். பாடப்புத்தகம் இங்கே நிறுத்திவிடுகிறது. ஆனால் கன அளவில் பாருங்கள்: ஒரு கன மீட்டர் நீருக்கு ஏறத்தாழ 4,180 கிலோ ஜூல், ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சுமார் 1.2 மட்டுமே. மூவாயிரம் மடங்குக்கும் மேல் வேறுபாடு. அனல்காற்று வீசுவதால் மட்டும் ஒரு குளம் ஒரே பகலில் சூடேறிவிடாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

*வரவு.* முக்கிய வரவு நேரடிச் சூரிய ஒளி. தெளிந்த நண்பகலில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 3,600 கிலோ ஜூல். அது முழுவதும் ஒரு மீட்டர் ஆழக் குளத்தில் சேர்ந்து நன்றாகக் கலந்தால் மணிக்கு 0.9 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே உயரும். பத்து மீட்டர் ஆழம் கலந்தால் அதில் பத்தில் ஒன்று. ஆக, "எத்தனை மீட்டர் நீரில் இந்த வெப்பம் பங்கிடப்படுகிறது?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மண்ணில் ஒளி மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது, வெப்பம் ஒரு பகலில் சில அங்குலம் மட்டுமே இறங்குகிறது. அதனால்தான் மணல் சுடுகிறது. நீரில் ஒளி உள்ளே இறங்கும். அகச்சிவப்புப் பகுதி மேலேயே உறிஞ்சப்பட்டாலும், தெளிந்த நீரில் நீல ஒளி பல பத்து மீட்டர் வரை போகும். கலங்கிய நீரில் எல்லாமே மேல் அடுக்கில் சிக்கிக்கொள்வதால் கலங்கிய குளத்தின் மேல்மட்டம் தெளிந்த குளத்தைவிட வேகமாகச் சூடாகும்.

*செலவு.* பலர் மறக்கும் இனம் ஆவியாதல். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,450 கிலோ ஜூல் தேவை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியானால் அது ஒரு கிலோ. அந்த ஒரு மில்லிமீட்டர் இழப்பு, ஒரு மீட்டர் ஆழக் குளத்தை ஏறத்தாழ 0.6 டிகிரி குளிர்விக்கப் போதும். வறண்ட காற்று வீசும் நாளில் பல மில்லிமீட்டர் போய்விடும். வெயிலில் கிடக்கும் நீர்கூடக் காற்றைவிடக் குளிர்ந்திருக்க முடிவது இதனால்தான்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. வெயில் படாத நீர் ஆவியாதலால் எவ்வளவு இறங்க முடியும் என்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை சொல்கிறது. காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால் அது 21, 22 டிகிரி வாக்கில் இருக்கும். அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 32. ஈரப்பதத்தைக் குறிக்காமல் இரண்டு ஊர்களின் நீரை ஒப்பிடுபவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

இரவில் இன்னொரு செலவு: தெளிந்த வானத்தை நோக்கி நீர் வெப்பத்தைக் கதிர்வீசுகிறது, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 100 வாட் நிகர இழப்பு. தரையும் அதையேதான் செய்கிறது. ஆனால் அதன் இருப்பு மெல்லிய மேல் தோல் அளவே என்பதால் சீக்கிரம் தீர்ந்து, அதை ஒட்டிய காற்றையும் குளிரவைக்கிறது. நீரின் மேற்பரப்பு குளிர்ந்தால் கனத்துக் கீழே போகும், அடியிலிருந்து சூடான நீர் மேலே வரும். விடியலில் குளம் வெதுவெதுப்பாக இருப்பதும், அதன்மேல் ஆவி மிதப்பதும் இந்த இடைவெளியின் அடையாளங்கள்.

*பிறந்த இடம்.* கடைசி இனம், ஆறுகளுக்கும் கிணறுகளுக்கும் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. நீர் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் வெப்பநிலையைச் சுமந்துகொண்டு வருகிறது.

8. நீர்நிலை வாரியாக எதை எதிர்பார்க்கலாம்

*ஆழமில்லாத குளம்:* காற்றுக்கு மிக நெருக்கமாக ஆடும். காற்றடிக்காத வெயில் நாளில் மேல்மட்டம் காற்றைவிடச் சூடாகவும் இருக்கலாம். அப்படி ஓர் எண் வந்தால் கருவியைச் சந்தேகிக்காதீர்கள்.

*ஆழமான ஏரி:* இங்கே ஒற்றை அளவு பயனற்றது. வெயில் காலத்தில் சூடான, இலேசான நீர் மேலே மிதக்க, குளிர்ந்த, கனத்த நீர் கீழே தங்கும். நடுவே ஒரு மெல்லிய அடுக்கில் மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் வெப்பநிலை சரியும். நீந்துபவர்களின் கால் திடீரெனக் குளிரை உணர்வது அங்கேதான். மீட்டருக்கு ஒரு அளவாகக் கயிற்றை இறக்கினால் அந்த அடுக்கு எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரியும். மேலும் கீழும் கலக்காததால் அடிநீருக்குப் புதிய ஆக்சிஜன் போவதில்லை. மீன் வளர்ப்போர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சூடான நீரில் ஆக்சிஜன் கரையும் அளவே குறைவு: 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு அதிகபட்சம் சுமார் 9.1 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.6.

குளிர்நாடுகளில் இன்னொரு விசித்திரம் சேரும். நன்னீர் மிகக் கனமாக இருப்பது ஏறத்தாழ 4 டிகிரியில். அதற்கும் கீழே குளிர்ந்த நீர் இலேசாகி மேலேயே நின்று உறைகிறது. வெளியே காற்று மைனஸ் 20 டிகிரியாக இருக்க, பனிப்படலத்தின் கீழே ஏரியின் அடி 4 டிகிரி வாக்கில் இருக்கும். உறைந்த ஏரியின்மேல் நடந்து அளக்கத் தனியாகப் போகாதீர்கள்.

*ஆறு:* ஓட்டம் கலக்கிவிடுவதால் ஆழத்தோடு வேறுபாடு குறைவு, நீளத்தோடுதான் வேறுபடும். பனி உருகிய நீரோ ஊற்றோ கலக்கும் இடத்துக்குக் கீழே குளிரும், மரநிழல் இல்லாத அகன்ற பகுதியில் ஏறும். மேலே அணை இருந்தால் அது மேல்மட்ட நீரை விடுகிறதா அடிமட்ட நீரை விடுகிறதா என்று விசாரியுங்கள். அடிமதகு திறந்தால் கோடையில்கூட ஆறு சில்லிட்டு வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தச் சூத்திரத்தாலும் உங்கள் எண்ணை விளக்க முடியாது.

*கிணறு:* நிலத்தில் பத்து, பதினைந்து மீட்டருக்குக் கீழே பருவங்களின் ஆட்டம் ஏறத்தாழ நின்றுவிடும். அங்குள்ள நீர் அந்த இடத்தின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டி, பெரும்பாலும் ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்கும். கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் வெதுவெதுப்பு என்று கிணற்றைப் புகழ்கிறார்கள். மாறுவது காற்றும் நம் உடம்பும். மிக ஆழமான துளைகளில் கணக்கு வேறு: பூமியின் உள்வெப்பத்தால் கிலோமீட்டருக்குப் பொதுவாக 25 முதல் 30 டிகிரி ஏறும்.

*கடல்:* திறந்த கடலில் பகலுக்கும் இரவுக்கும் மேற்பரப்பு பெரும்பாலும் ஒரு டிகிரிகூட மாறாது. அலைகள் பல பத்து மீட்டர் ஆழத்தைக் கலக்கிவிடுகின்றன. ஆழ்கடல் 0 முதல் 4 டிகிரிக்குள் கிடக்கிறது. கரை கொளுத்தும்போது கடல் குளிர்ந்திருந்தால் காற்று வீசும் திசையைப் பாருங்கள். பெரு, கலிபோர்னியா கரைகளிலும், தென்மேற்குப் பருவக்காற்றின்போது சோமாலியா கரையிலும் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ள, அடியிலுள்ள குளிர்நீர் மேலே ஏறுகிறது. கடலுக்கு நீங்களே செலவழித்துப் போக வேண்டியதில்லை. கடலை அளக்கும் பன்னாட்டுத் திட்டமான ஆர்கோவின் ஏறத்தாழ 4,000 மிதவைகள் பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை அளந்து அனுப்புகின்றன. தரவு அனைவருக்கும் இலவசம்.

9. தொடர் பதிவுக் கருவி வைப்பதானால்

நீரில் மூழ்கியே கிடந்து மணிக்கு மணி எழுதிக்கொள்ளும் சிறு பதிவுக் கருவிகள் கிடைக்கின்றன. கை வெப்பமானியைவிட விலை கூடுதல். ஆனால் போக்குவரத்துச் செலவைக் கணக்கிட்டால் பல சமயம் மிச்சம்தான். ஒன்றுக்குப் பதில் இரண்டு வாங்கி, ஒன்றை மேல்மட்டத்திலும் மற்றொன்றை அடியிலும் கட்டுங்கள். வெயில் நேரடியாகப் படும் ஆழத்தில் வைத்தால் மேலே வெள்ளைக் குழாய் மூடி ஒன்று வேண்டும், துளைகளோடு. இல்லாவிட்டால் கருவியே வெயிலில் சூடாகிப் பொய் சொல்லும். இறக்கும் முன் அதன் கடிகாரத்தை உங்கள் கடிகாரத்தோடு ஒப்பிட்டு வேறுபாட்டைப் பதிவேட்டில் எழுதுங்கள். பாசி படிந்தால் துடைக்க ஒரு தேதி வையுங்கள். கட்டும் கயிறு நீர்மட்டத்துக்கு மேலே கண்ணில் படாதபடி இருக்கட்டும்; கண்ணில் பட்டால் யாராவது இழுத்துப் பார்ப்பார்கள். அனுமதிக் கடிதத்தில் இந்தக் கருவியையும், அதை எடுக்கப்போகும் தேதியையும் சேர்த்து எழுத மறக்காதீர்கள்.